மணலியில் ஒரு நடுத்தரத் தொழிலகம் தன் பணியாளர் நலனை எதைக்கொண்டு அளக்கலாம்?

திருவொற்றியூரிலிருந்து மணலி, எண்ணூர் என்று வடக்கே நீளும் தொழிற்பகுதியில் 180 பேர் வேலை செய்யும் நடுத்தரத் தொழிலகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரும்புத் தகடுகளையும் குழாய்களையும் வெட்டி, வெல்டிங் செய்து, கிரைண்டிங் போட்டு, வண்ணம் பூசிப் பெரிய ஆலைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. 120 பேர் நிரந்தரப் பணியாளர்கள். மீதி 60 பேர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள், அவர்களில் ஒரு பகுதியினர் ஒடிசாவையும் பீகாரையும் சேர்ந்தவர்கள். மூன்று ஷிஃப்ட்டிலும் வேலை நடக்கிறது. பணியாளர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் அளந்து பார்க்க இந்த ஆண்டு நிர்வாகம் ஒரு தொகையை ஒதுக்குகிறது. உடனே நான்கு முன்மொழிவுகள் மேசைக்கு வருகின்றன. அனைவருக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்து தருவதாக ஒரு மருத்துவமனை சொல்கிறது. கைப்பேசியிலேயே நிரப்பக்கூடிய நலக் கேள்வித்தாள் ஒன்றை ஓர் ஆலோசனை நிறுவனம் முன்வைக்கிறது. மூன்றாவதாக வருபவர் மணிக்கட்டில் கட்டும் பட்டையையும் அதற்கான செயலியையும் விற்க வருகிறார். தொழிலகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரோ, முதலில் இரைச்சலையும் தூசியையும் வெப்பத்தையும் அளந்துவிட்டு, அவற்றின் நடுவே நிற்பவர்களின் காதையும் நுரையீரலையும் பிறகு சோதிக்கலாம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறார். ஒதுக்கிய பணம் நான்குக்கும் போதாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புப் பொறுப்பாளரின் அந்த ஒரு பக்கத் தாளை முதலில் நிறைவேற்ற வேண்டும். அடுத்தது கேள்வித்தாள், ஆனால் ஆலோசனை நிறுவனம் கொண்டுவந்ததைவிடக் குறுகிய, வேறு வகையான கேள்வித்தாள். பொது உடல் பரிசோதனை மூன்றாவது; அதற்குப் பெரும் பணம் செலவிடத் தேவையில்லை. பட்டை வேண்டியதில்லை. இந்த வரிசைக்கு வருவதற்கு இரண்டு கேள்விகளைக் கேட்டேன்: அளவீட்டின் முடிவு கைக்கு வந்த பிறகு தொழிலகம் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட எதை மாற்ற முடியும்? அந்த முடிவு யார் கையில் சிக்கினால் பணியாளருக்குத் தீங்கு வரும்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் பெரும்பாலான நிர்வாகங்களுக்கு மனம் போகும். ஒரு நாளில் முடிந்துவிடும், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு கிடைக்கும், புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முகாம் எதைக் கண்டுபிடிக்கும் என்பதை முகாம் நடத்தாமலேயே ஓரளவு சொல்லிவிட முடியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தி 2023 இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியாவில் 20 வயதைக் கடந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணித்தது. வயதுப் பங்கீடு வேறுபடும் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த விகிதத்தை 180 பேருக்குப் பொருத்தினால் சுமார் 20 பேருக்குச் சர்க்கரையும் 64 பேருக்கு ரத்த அழுத்தமும் இருக்கலாம். ஆகவே நோயாளிகள் இருக்கிறார்களா என்று அறிய முகாம் தேவைப்படுவதில்லை. அந்த 64 பேரும் அடுத்த மாதம் மாத்திரை வாங்கினார்களா, ஆறு மாதம் கழித்து அவர்களின் அழுத்தம் குறைந்ததா என்பதைப் பார்ப்பதற்குத்தான் ஏற்பாடு தேவை. செக்கப் தொகுப்பின் விலையில் அது பெரும்பாலும் அடங்குவதே இல்லை.

முகாமின் தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். டோக்கன் வாங்கி வரிசையில் நின்று, மேற்பார்வையாளர் லைனுக்குத் திரும்பச் சொல்லி அவசரப்படுத்த, உட்கார்ந்த மாத்திரத்தில் கையில் பட்டியைச் சுற்றினால் வரும் எண் எதையும் உறுதியாகச் சொல்லாது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவரிடம் வெறும் வயிற்றில் இருக்கிறீர்களா என்று கேட்பதற்கும் பொருளில்லை. அவர் விடியற்காலை நான்கு மணிக்குக் கேன்டீனில் டீயும் பன்னும் சாப்பிட்டிருப்பார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை என்றாலும், இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு அது சர்க்கரையைச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், பெண் பணியாளர்களின் முடிவுகளைப் படிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

இதற்கு மலிவான மாற்று, சென்னையிலேயே உருவானது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்நகர மக்களிடையே நடத்திய ஆய்வின் அடிப்படையில் 2005 இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண், வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு இருந்ததா என்ற நான்கே செய்திகளை வைத்து 100க்கு மதிப்பெண் இடுகிறது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இடர் மிகுதி என்று கொண்டு ரத்தம் பார்க்கச் சொல்லலாம். ஓர் அளவுநாடாவும் ஒரு தாளும் போதும். தவிர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு பணியிடங்களுக்கும் விரிவாக்கியிருப்பதால், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான முதற்கட்டச் சோதனையைச் சுகாதாரத் துறையின் குழுவைக் கொண்டே நடத்தலாம்; கண்டறியப்பட்டவருக்கு மாத்திரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தொடர்ந்து கிடைக்கும் என்பது தனியார் தொகுப்பில் இல்லாத வசதி. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு இருக்கும்போது, ஒதுக்கிய தொகையின் பெரும்பகுதியை இந்தச் சோதனைக்குக் கொடுப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

இத்தகைய பரிசோதனைகளை மையமாகக் கொண்ட பணியிட நலத் திட்டங்கள் என்ன சாதித்தன என்பதை அமெரிக்காவில் கறாராகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வும், ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் 160 கிளைகளில் சுமார் 33,000 பேரை உள்ளடக்கி நடந்த ஆய்வும் 2019 இல் வெளியாயின. இரண்டாவது ஆய்வில், 18 மாதங்களுக்குப் பிறகு, உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இல்லினாய் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தாமாக முன்வந்து திட்டத்தில் சேர்ந்தவர்கள், சேர்வதற்கு முன்பே மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருந்தவர்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த முகாமும் வெற்றியாகவே தெரியும் என்பதை மணலிக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

இனி பாதுகாப்புப் பொறுப்பாளரின் தாளுக்கு வருவோம். வேலையால் வரும் கேட்டைக் குறிவைத்து அளப்பது இதன் அடிப்படை. கிரைண்டிங் பகுதியில் எட்டு மணி நேரச் சராசரி இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுகிறதா, வெல்டிங் செய்யும் மூலையில் புகை வெளியேறுகிறதா, பெயின்ட் அடிக்கும் அறையில் கரைப்பான் ஆவி எவ்வளவு, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உடலை எவ்வளவு வாட்டுகின்றன என்பவற்றைக் கருவியால் அளந்து இடவாரியாகக் குறிக்க வேண்டும். கடலோரம் என்பதால் எண்ணூர்ப் பக்கத்தில் வெறும் வெப்பமானியின் எண்ணை நம்ப முடியாது; காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல், 35 டிகிரியும் 40 டிகிரியைப் போல உடலை வருத்தும். அளவு மீறிய இடங்கள் தெரிந்த பிறகு, அங்கே நிற்பவர்களுக்கு மட்டும் உரிய சோதனை: இரைச்சலில் நிற்பவர்க்குக் கேட்புத்திறன் சோதனை, தூசியிலும் புகையிலும் நிற்பவர்க்கு, ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி.

கேட்புத்திறன் சோதனையைச் சற்று விரித்துச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இதைப் போலத் தெளிவான அளவீடு தொழிற்சாலை மருத்துவத்தில் குறைவு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டித் தொடங்குகிறது. மனிதப் பேச்சின் முக்கியப் பகுதி அதற்குக் கீழே இருப்பதால், பாதிக்கப்பட்டவர் பல ஆண்டுகள் தனக்கு எல்லாம் கேட்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார். வரைபடத்தில் மட்டும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஒருமுறை போன செவித்திறன் திரும்பாது. ஆனால் பள்ளம் தெரிந்த ஆண்டிலேயே இயந்திரத்தைச் சுற்றித் தடுப்பு அமைத்தால் அடுத்தவரின் காது பிழைக்கும். சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்த கையோடு அழைத்துப்போய்ச் சோதித்தால், தற்காலிக மந்தத்தையும் சேர்த்து அளந்துவிட்டு நிரந்தரக் குறை என்று எழுத நேரும். வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த வரைபடம் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், இந்தச் சோதனையின் பயன் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். ஸ்பைரோமெட்ரியும் அப்படித்தான், ஆனால் ஊதுபவரின் முயற்சியையும் ஊதச் சொல்பவரின் பயிற்சியையும் அது பெரிதும் நம்பியிருக்கிறது. பயிற்சி இல்லாத ஆள் எடுத்த ஸ்பைரோமெட்ரியைவிட எடுக்காமல் இருப்பது மேல்.

சட்டமும் இந்தத் திசையையே காட்டுகிறது. போபால் விபத்துக்குப் பிறகு, 1987 இல், 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41சி பிரிவு, அபாயகரமான பொருள்களைக் கையாள்பவரை வேலையில் அமர்த்தும் முன்பும், பணியில் இருக்கும்போதும், அதை விட்ட பிறகும் 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவச் சோதனை செய்யவும், ஆவணங்களைப் பணியாளர் பார்க்க வழிசெய்யவும் சொன்னது. 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு, வரையறுக்கப்பட்ட வயதினருக்கும் வகையினருக்கும் ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனையை முதலாளியின் கடமைகளுள் வைத்திருக்கிறது. ஆகவே இந்த அளவீடுகளில் ஒரு பகுதி, செய்வதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையிலேயே இல்லை.

கேள்வித்தாள்களின் உலகம் பெரியது, விற்பவர்களும் அதிகம். அவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது வசதி. முதல் வகை, ஒருவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு இதில் எளியது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடல் சுறுசுறுப்பாக இருந்ததா, தூங்கி எழுந்தபோது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்வில் ஆர்வம் தரும் செயல்கள் இருந்தனவா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் 100க்கு ஓர் எண் கிடைக்கும். 50க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். இரு அளவீடுகளுக்கிடையே 10 புள்ளி மாறினால் அதைப் பொருட்படுத்தலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் எண் ஏன் தாழ்ந்தது என்பதை அது சொல்லாது. தூங்கி எழுந்த புத்துணர்ச்சி பற்றிய கேள்வியிலேயே இரவு ஷிஃப்ட்காரர்கள் மதிப்பெண் இழந்துவிடுவார்கள். காரணம் ஷிஃப்ட் சுழற்சியா, பகலில் கொளுத்தும் ஒற்றை அறை வீடா, கடனா என்பது தெரியாது.

இதே வகையில் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாளும் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் நல்ல கருவி அது, கட்டணமும் இல்லை. தொழிலகக் கணக்கெடுப்புக்கு அதைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கிறேன். அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. பெயரில்லாத் தாளில் யாரோ ஒருவர் அதற்கு ‘கிட்டத்தட்டத் தினமும்’ என்று குறியிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தேடிப் போக வழியில்லை, தெரிந்தும் சும்மா இருக்கவும் முடியாது. பெயரோடு நடத்தினாலோ, உண்மையாக எழுதுபவர் இருக்க மாட்டார். உதவி கேட்க ஓர் இடத்தை முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும்: 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்) லாக்கர் அறையிலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுவது, ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக அரைநாள் சம்பளத்தோடு விடுப்பு தருவது போன்றவை. பி.எச்.கியூ-9 அங்கே, மருத்துவரின் எதிரில் அமர்ந்தவருக்கு.

இரண்டாவது வகை, உடல் வேலைக்கு ஈடுகொடுக்கிறதா என்று கேட்பது. ஃபின்லாந்தின் தொழில்சார் சுகாதார நிறுவனம் 1980களில் உருவாக்கிய வேலைத்திறன் குறியீடு 7 முதல் 49 வரை மதிப்பெண் இடுகிறது. 27 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை மோசம், 44 அல்லது அதற்கு மேல் என்றால் மிக நன்று. மருத்துவர் கண்டறிந்த நோய்களின் பட்டியலும், இரண்டு ஆண்டு கழித்தும் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற கேள்வியும் அதில் இருக்கின்றன. ஐம்பதைத் தொடும் நிரந்தரப் பணியாளர்கள் நிறைந்த பெரிய ஆலையில், சொந்த மருத்துவப் பிரிவு அதை வைத்திருந்து, ஒருவரை இலகுவான வேலைக்கு மாற்றப் பயன்படுத்தினால் அருமையான கருவி. நம் 180 பேர் தொழிலகத்தில் அந்தத் தாள் மனிதவளப் பிரிவின் அலமாரிக்குத்தான் போகும். அங்கே அது ஆட்குறைப்புப் பட்டியலாக மாறுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதற்குப் பதில், 1987 இல் வந்த நார்டிக் தசை-எலும்பு வலிக் கேள்வித்தாளைப் பரிந்துரைப்பேன். உடலை ஒன்பது பகுதிகளாகக் காட்டும் படத்தில் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும், தமிழ் அறியாதவரும் பதில் சொல்லிவிடலாம். லோடிங் பகுதியில் பாதிப் பேர் இடுப்பைத் தொட்டால், மேடையின் உயரத்தை மாற்ற வேண்டும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

மூன்றாவது வகை, வேலை எப்படி இருக்கிறது என்று கேட்பது. நான் தேர்ந்தெடுப்பது இதையே. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு அமைப்பு பணி அழுத்தத்துக்கான தரநிலைகளோடு வெளியிட்ட 35 கேள்விகள், வேலைப்பளு, வேலை மீது தனக்குள்ள பிடி, மேலாளரின் ஆதரவு, சகபணியாளரின் ஆதரவு, உறவுகள், பொறுப்பில் தெளிவு, மாற்றங்களை அறிவிக்கும் முறை என்ற ஏழு பகுதிகளாக அமைந்தவை. எப்போது இடைவேளை எடுப்பது என்பதை என்னால் முடிவுசெய்ய முடிகிறது என்ற கூற்று அவற்றில் ஒன்று. நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்யும் பெண்ணுக்கு அது சிறுநீரை அடக்கிக்கொள்வது பற்றிய கேள்வி. விடை தெரிந்தால் மாற்று ஆள் ஒருவரை நிறுத்தித் தீர்த்துவிடலாம். இந்தப் பகுதிக்கு இது புதிய செய்தியும் இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது அவர்கள் எழுப்பிய குறைகளில் ஒன்று.

டென்மார்க்கில் உருவான கோப்சாக் கேள்வித்தாள் இதே வேலையை இன்னும் விரிவாகச் செய்கிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 2021 இல் வெளியிட்ட 68 கேள்விகள் கொண்ட தாள் ஐந்து களங்களைத் தொடுகிறது. நியாஷ் தாளின் கடைசிக் களம் வீடும் சுற்றுப்புறமும் பற்றியது. வேறு ஊர்களில் அதை விட்டுவிடலாம். வடசென்னையில் விட எனக்கு மனம் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதம் 26 ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மருத்துவமனைக்கு ஓடியதும், இங்கே வேலை செய்பவரில் பலர் ஷிஃப்ட் முடிந்தும் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதைத்தான் காட்டின. ஆகவே 35 கேள்விகளோடு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தையும், வீட்டுச் சூழல், பயண நேரம், தூக்கம் பற்றி மூன்று நான்கு கேள்விகளையும் சேர்த்து, அரை மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம்.

எந்தக் கேள்வித்தாளாக இருந்தாலும் அதன் உண்மை இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. ஒன்று, பெயர் மறைப்பு. பெயர் கேட்கவில்லை என்பது போதாது. பிரிவு, வயது, பால், பணிக்காலம் ஆகிய நான்கையும் கேட்டுவிட்டால், பேக்கிங் பிரிவில் நாற்பதைக் கடந்த பெண் ஒரே ஒருவர் என்ற நிலையில், அவருடைய தாள் எது என்பது மேற்பார்வையாளருக்கு உடனே தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் குழுவின் முடிவையும் தனியாக வெளியிடுவதில்லை என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும்; தாள்களை மனிதவளப் பிரிவு தொடாமல் வெளியார் ஒருவர் வாங்கிக் கூட்டித்தர வேண்டும். நிறுவன மின்னஞ்சல் வழியே திறக்கும் படிவத்தைப் பெயரற்றது என்று யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. உடல் பரிசோதனைக்கும் இதே நெறிதான்: தனிநபர் முடிவு பணியாளருக்கும் மருத்துவருக்கும் மட்டும், நிர்வாகத்துக்குப் போவது, குறிப்பிட்ட வேலைக்குத் தகுதியா என்ற ஒரு சொல்லும் தொகுப்பு எண்களும். செக்கப் தொகுப்பில் எச்.ஐ.வி. சோதனையை ஓசையில்லாமல் சேர்ப்பது 2017 ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்துக்கு எதிரானது என்பதையும் மருத்துவமனையின் முன்மொழிவைப் படிப்பவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மற்றொன்று, ஒப்பந்தப் பணியாளர். பல தொழிலகங்களில் கணக்கெடுப்பு நிரந்தரப் பணியாளரோடு நின்றுவிடுகிறது. ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்பது வழக்கமான பதில். கிரைண்டிங், தொட்டி கழுவுதல், லோடிங் ஆகிய கடும் வேலைகள் பெரும்பாலும் அந்த 60 பேரின் தலையில்தான் விழுகின்றன. நிரந்தரப் பணியாளர் 120 பேரின் சராசரி நல மதிப்பெண் 64 என்றும், ஒப்பந்தப் பணியாளர் 60 பேரின் சராசரி 46 என்றும் வைத்துக்கொண்டால், முதல் குழுவை மட்டும் அளந்த அறிக்கை 64 என்று முடிந்துவிடும். எல்லோரையும் சேர்த்த சராசரி 58. இரண்டையும் தனித்தனியே வெளியிட்டால்தான் 46 என்ற எண்ணே கண்ணில் படும். உடல் ஒத்துழைக்காதவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போய்விட்டதால், எஞ்சியிருப்பவர்கள் உண்மை நிலையைவிட ஆரோக்கியமாகத் தெரிவார்கள் என்ற சிக்கலும் ஒப்பந்தப் பணியில்தான் மிகுதி. ஒப்பந்தக்காரர் மாறினால் ஆவணமும் காணாமல் போகும் என்பதால், கேட்புத்திறன் வரைபடத்தின் ஒரு நகலைப் பணியாளரின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளருக்குக் கேள்விகளை அவரவர் மொழியில் வாசித்துக் காட்ட, ஒப்பந்தக்காரரின் ஆளாக இல்லாத ஒருவர் தேவை. இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

பணமே செலவழிக்காமல் கிடைக்கும் அளவீடும் உண்டு. முதலுதவிப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, விடுப்புக் கணக்கு, ஓ.டி. கணக்கு, வேலையை விட்டவர்களின் பட்டியல் ஆகியவற்றைப் பிரிவுவாரியாக எடுத்து அடுக்கினாலே பாதிக் கதை தெரிந்துவிடும். விடுப்பை மட்டும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்றாலும், வந்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவர் காய்ச்சலோடும் வந்து நிற்பார்; அவர் பிரிவில் நோய்விடுப்பு குறைவாக இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம் ஆகாது.

பட்டையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வெல்டிங் கையுறைக்குள் அதைக் கட்ட முடியாது, கிரைண்டிங் இயந்திரத்தின் அருகே கட்டவும் கூடாது. மேலும் ஒருவர் வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பது முதலாளிக்குத் தெரிய வேண்டிய செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கத்தில் பதினைந்து இருபது பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் பெயரற்ற கேள்வித்தாள் என்பதே நடவாத காரியம். அங்கே இரைச்சல் அளவீடும், நார்டிக் படமும், அரசின் ரத்த அழுத்தச் சோதனையும் போதும். மாதவரத்திலிருந்து துறைமுகத்துக்கு ஓடும் கன்டெய்னர் லாரிகளை வைத்திருப்பவருக்குப் பார்வைச் சோதனையும் ரத்த அழுத்தமும் முதன்மை. பகல் தூக்கத்தை எட்டுக் கேள்விகளால் அளக்கும் எப்வொர்த் அளவுகோல் ஓட்டுநர்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பிழைப்பே ஸ்டியரிங்கில் இருப்பவர், தூக்கம் வருகிறது என்று எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்கள் விஷயத்தில் துறைமுக வரிசையில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பயணப் பதிவேட்டைப் படிப்பதே நம்பகமானது.

நம் தொழிலகத்துக்கான கால அட்டவணையில் ஒன்றிரண்டு கவனிக்கத்தக்கவை. வெப்பத்தை மே மாதத்தில் அளக்க வேண்டும். மார்கழியில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். இரைச்சலையும் தூசியையும் ஆர்டர் நெருக்கடி மிகுந்த வாரத்தில், இரவு ஷிஃப்ட் உட்பட மூன்று ஷிஃப்ட்டிலும் அளக்க வேண்டும். கேள்வித்தாளை போனஸ் பேச்சு நடக்கும் மாதத்திலும் தீபாவளியை ஒட்டியும் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் மாதத்திலும் கூடாது. அந்த மாதத்தில் 60 தாள்களிலும் எல்லாம் நன்று என்றே வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதமாவது கழிந்த பிறகு, கேட்புத்திறன், ஸ்பைரோமெட்ரி செலவைத் தொழிலகமே ஏற்கும் என்ற வரி அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற்றிருக்கும் நிலையில், தாள்களைக் கொடுக்கத் தொடங்கலாம்.